யார் பக்கம் நியாயம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரை ஒன்றில் நீங்கள் சொல்லியிருந்ததை நம்பி, போன வாரம் நானும் என் மனைவியும் ‘எ செபரேஷன்’ என்ற இரானியப் படம் பார்த்தோம். படம் முடிந்ததும் எங்களுக்குள் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. நான் படத்தில் வரும் கணவன் நாதேர் பக்கம். அப்பாவுக்கு அல்சைமர், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வா என்று ஒரு மனைவி எப்படிக் கேட்கலாம்? என் மனைவியோ நாதேரின் மனைவி சீமினுடைய பக்கம். “உங்கப்பாவுக்கு இப்படி ஆனா நீங்களும் இப்படித்தான் பிடிவாதமா நிப்பீங்க. ஆனா கழுவி விடறது நானாத்தான் இருப்பேன்” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கணவனும் மனைவியும் ஓர் அன்பான வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத படத்தைக் காதல் படம் என்று எப்படி எழுதினீர்கள்? பிரியும் அந்தத் தம்பதியின் மகள் அம்மா, அப்பா இருவரில் யாரோடு போக முடிவெடுத்தாள் என்று கடைசிவரை காட்டாதது பார்ப்பவர்களை ஏமாற்றுவது இல்லையா? அப்புறம், இந்த மாதிரிப் படங்களைத் தம்பதியாக உட்கார்ந்து பார்ப்பதால் என்ன பயன்? வீட்டில் இருப்பது போதாதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி படத்தைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். சீமின் வீட்டை விட்டுப் போனதும் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாதேர் வங்கி வேலைக்குப் போயாக வேண்டும். உடனே இன்னொரு பெண் அந்த வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. அப்படி வேலைக்கு வரும் ரஸியே கர்ப்பிணி, ஏழை, கடவுளுக்குப் பயந்தவர். பெரியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். ஓர் அந்நிய ஆணின் உடையை மாற்றினால் பாவமா என்று ரஸியே தொலைபேசியில் மார்க்கம் அறிந்தவர்களிடம் கேட்கிறார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் நின்றுகொண்டு, அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்பாவைக் கைவிட மாட்டேன் என்கிற நாதேரின் உறுதியில் பொய் இல்லை. ஆனால் அந்த உறுதிக்குப் பகல் முழுக்க உழைப்பது வேறொரு பெண். உங்கள் மனைவி சொன்ன வரி இந்தக் காட்சியில் அப்படியே இருக்கிறது. அவர் நாதேரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் பதில் வரவில்லை. அந்தப் பதிலை நான் சொல்லித்தர முடியாது. ஆனால் அது சொல்லப்படாமலே போய்விடக் கூடாது என்று மட்டும் நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

உங்கள் பக்கத்தையும் இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதி விட்டுவிடவில்லை. குளியலறையில் நாதேர் அப்பாவைக் குளிப்பாட்டும் காட்சி நினைவிருக்கிறதா? முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பவன் ஒரு கட்டத்தில் அந்த முதுகிலேயே முகம் புதைத்து அழுகிறான். பார்க்க யாரும் இல்லை. மனைவிக்கோ கோர்ட்டுக்கோ காட்டுவதற்காக அழும் அழுகை இல்லை அது. இந்தக் காட்சி இல்லாமல் இருந்தால் நாதேர் வெறும் வீம்புக்காரன், படமும் சீமின் பக்கம் சாய்ந்துவிடும். ரஸியே தொலைபேசியில் பேசும் காட்சி இல்லாமல் இருந்தால் படம் நாதேர் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்படி நேர்மையாக நிற்பது எவ்வளவு சிரமம் என்று தெரிய ஹாலிவுட்டின் ‘கிரேமர் வெர்சஸ் கிரேமர்’ படத்தைப் பார்க்கலாம். 1979இல் வந்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. எனக்கு அந்தப் படத்தின் மேல் தீராத மனக்குறை உண்டு. மனைவி முதல் சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடுவாள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சமைப்பதையும் சிரிப்பதையும் படம் நெடுக நாம் பார்க்கிறோம். அவள் திரும்பி வரும்போது நம் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்திருக்கிறது. கோர்ட்டில் அவள் பேசும் சாட்சியம் ஒன்றுதான் அவள் பக்கத்துக்குக் கிடைத்த இடம். அந்தப் பேச்சையும் மனைவியாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் தானே உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டியிருந்தது.

சரி, காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். ‘எ செபரேஷன்’ படத்தின் முதல் காட்சிக்கே போகலாம். இருவரும் நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீதிபதி முகம் தெரிவதில்லை, அவர் இருக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். அடிக்கிறானா, போதைப் பழக்கமா, செலவுக்குப் பணம் தருவதில்லையா? எதுவும் இல்லை, நல்ல மனிதர் என்கிறாள் சீமின். உங்கள் பிரச்சினை சின்னப் பிரச்சினை என்கிறார் நீதிபதி. நல்ல மனிதர் என்று மனசாரச் சொல்லிக்கொண்டே ஒருத்தி விவாகரத்து கேட்கிறாள். அவள் போக விரும்பினால் தடுக்க மாட்டேன் என்று இவனும் சொல்கிறான். கேட்பதற்குப் பெருந்தன்மை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சீமினின் முகத்தைக் கவனித்து எனக்கு உறுதியானது ஒன்று உண்டு. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விவாகரத்தைவிட வேறொன்றை எதிர்பார்க்கிறாள். போகாதே என்று அவன் ஒருதரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவன் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு படத்தில் நடக்கிற அத்தனைக்கும், வேலைக்கு வந்தவள் கீழே விழுவதற்கும் கரு கலைவதற்கும் கொலைக் குற்றச்சாட்டுக்கும், இந்தச் சொல்லாத ஒரு வார்த்தைதான் ஆரம்பம்.

இன்னொரு சின்ன இடம், பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது. சீமின் வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில் பியானோ தூக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். மாடிக் கணக்கில் தகராறு, கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். நின்று பேச நேரமில்லாமல் சீமின் டிராயரைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். சில நொடிகள்தான், நாம் மறந்துவிடுகிறோம். பிறகு நாதேர் டிராயரைத் திறக்கிறான், பணம் குறைகிறது, ரஸியேவைத் திருடி என்கிறான். அப்பாவைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டு வெளியே போய்வந்தாள் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள் போல. திருடி என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் வாசலை விட்டு நகராமல் நிற்கிறாள், அதனால்தான் அவன் தள்ளுகிறான். கணவனும் மனைவியும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், “டிராயரில் இருந்து பணம் எடுத்தேன்” என்று அன்று மாலையே சொல்லியிருப்பார்கள். படம் இந்த முடிச்சைப் பெரிதாக விளக்கிச் சொல்வதில்லை. திரும்பப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு திடுக்கென்று இருக்கும்.

அடுத்து அவர்களுடைய மகள் தெர்மே. அவளுக்குப் பதினோரு வயது. நடித்தவள் இயக்குநரின் மகள் சரீனா. பெட்ரோல் பங்க்கில் நாதேர் மகளையே இறங்கிப் பெட்ரோல் போடச் சொல்கிறான். மிச்சக் காசை ஊழியர் வைத்துக்கொண்டார் என்றதும், திரும்பிப் போய்க் கேட்டு வாங்கி வா என்று அனுப்புகிறான். அவள் போய் வாதாடுவதைக் காருக்குள் இருந்து பார்த்துச் சிரிக்கிறான். மகளை நிமிர்ந்து நிற்கப் பழக்கும் அப்பா. எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போன இடம் அது. அதே அப்பாதான், ரஸியே கர்ப்பம் என்று தெரிந்திருந்தும் தெரியாது என்று நீதிபதியிடம் சொல்கிறான். மகள் கண்டுபிடித்துக் கேட்டதும் ஒப்புக்கொள்கிறான். நீ சொன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவை அவள் தலையில் வைக்கிறான். சிறைக்குப் போகும் அப்பாவா, பொய்யா? அவள் நீதிபதி முன்னால் பொய் சொல்கிறாள். திரும்பி வரும்போது காரில் அழுகிறாள்.

இதைப் பார்த்த பிறகு கடைசிக் காட்சியில் அவள் வாய் திறந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமா? அவள் முடிவெடுத்துவிட்டேன் என்கிறாள். சொல்வதற்கு முன் அம்மா அப்பா வெளியே போகட்டும் என்கிறாள். இருவரும் நடையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகக் காத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. அவள் அப்பா பெயரைச் சொன்னால் நீங்கள் வென்றிருப்பீர்கள், அம்மா பெயரைச் சொன்னால் உங்கள் மனைவி வென்றிருப்பார். உங்கள் வீட்டில் அன்று ராத்திரியே பேச்சு முடிந்திருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி நாம் தீர்ப்பு வாங்கிக்கொள்ளக் கூடாது என்று ஓர் இயக்குநர் மறுத்திருக்கிறார். 2011இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதும் அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கிய படம் இது. ஆஸ்கர் வென்ற முதல் இரானியப் படமும் இதுதான். விருதுகளைவிட இந்த ஒரு மறுப்புதான் எனக்குப் பெரிது.

பொதுவாகக் காதலைச் சோதிக்க மூன்றாவது ஆள் ஒருவர் வர வேண்டும் என்று சினிமாவில் ஒரு பழக்கம் இருக்கிறது. பழைய காதலன், பக்கத்து வீட்டுப் பெண், பணக்கார முதலாளி. நல்ல படங்களில் மூன்றாவது ஆள் வந்தாலும் வேலையைச் செய்வது அவர் இல்லை. ‘45 இயர்ஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ் படம், ஆண்ட்ரூ ஹே இயக்கியது, 2015. நார்ஃபோக் கிராமப்புறத்தில் வாழும் வயதான தம்பதி, கேட், ஜெஃப். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை நாற்பத்தைந்தாவது மண நாள் விருந்து. அந்த வாரம் தொடங்கும்போது சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஜெஃப்பின் காதலியாக இருந்த காட்யா மலைப் பிளவில் விழுந்து இறந்தவள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பனிக்கட்டிக்குள் அவள் உடல் அப்படியே தெரிகிறதாம். காட்யாவைப் பற்றி ஜெஃப் மறைத்தவர் இல்லை, எப்போதோ மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இறந்துபோன ஒரு பெண், அதுவும் தனக்கு முன்னால். பொறாமைப்பட என்ன இருக்கிறது என்றுதான் கேட் முதலில் நினைக்கிறாள்.

ராத்திரியில் ஜெஃப் பரணில் ஏறி எதையோ தேடுகிறார். ஒரு நாள் அவர் வீட்டில் இல்லாதபோது கேட் ஏணியைப் போட்டு மேலே போகிறாள். பழைய ஸ்லைடு புரொஜெக்டர் இருக்கிறது. தொங்கவிட்ட துணியில் படங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஸ்லைடு மாறும் கிளிக் சத்தம். ஒரு படத்தில் காட்யா வயிற்றில் கை வைத்து நிற்கிறாள். கர்ப்பிணி. கேமரா கேட்டின் முகத்தை விட்டு நகர்வதில்லை. கேட்டாக நடிக்கும் ஷார்லட் ராம்ப்லிங் அழுவதில்லை, வாயைப் பொத்திக்கொள்வதில்லை. முன்னாலிருந்த படத்துக்குப் போய்த் திரும்பவும் இதற்கே வருகிறார். பிள்ளை வேண்டாம் என்றோ பிறக்கவில்லை என்றோ தாங்கள் இருவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு வாழ்க்கை, ஒருவருக்கு மட்டும் வேறு கணக்காக இருந்திருக்கிறது. இதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? வசனமே இல்லாமல் அந்தக் கேள்வி நம்மிடம் வந்துவிடுகிறது.

நீங்கள் படம் பார்ப்பீர்கள் என்பதால் விருந்துக் காட்சியைச் சொல்லாமல் விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். பரணில் பார்த்ததைக் கேட் கணவனிடம் சொல்வதில்லை. காட்யா கர்ப்பமாக இருந்ததை அவர் மறைத்தார், அதைப் பார்த்துவிட்டதை இவளும் மறைக்கிறாள். அவர் மறைத்ததில் கோழைத்தனம் இருக்கிறது, இவள் மறைப்பதில் தன்மானம் இருக்கிறது. காரணம் வேறு, ஆனால் வீட்டில் விழும் மௌனம் ஒன்றேதான். இந்த மௌனத்தை இரண்டு பேரும் அன்போடுதான் காக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

தமிழில் வந்த படத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மௌன ராகம்’ வந்தது 1986இல். அதிலும் பழைய காதலன் இறந்தவன்தான். ஆனால் ரேவதி மோகனிடம் விவாகரத்து கேட்கிறாள், ஏன் என்று அவன் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருஷமாவது ஆக வேண்டும் என்பதால் டெல்லியில் அதே வீட்டில் இருவரும் இருந்தாக வேண்டியிருக்கிறது. சட்டத்தின் ஒரு பிரிவு கதையை நடத்துகிறது, அது எனக்குப் பிடித்த விஷயம். அந்த வீட்டின் மௌனத்தை நம் சினிமா அதற்கு முன் அப்படிக் காட்டியதில்லை. ரயில் நிலைய முடிவு மட்டும் எனக்கு ஒட்டுவதில்லை. இரண்டு மணி நேரம் மெல்லிய குரலில் பேசிய படம் கடைசியில் ஓட்டமும் அவசரமுமாக முடிந்துவிடுகிறது.

நீங்கள் இருவரும் சேர்ந்து அடுத்துப் பார்க்க ஒரு படம் கேட்டால், தயங்காமல் சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ என்பேன். 1963, வங்காளம், கறுப்பு வெள்ளை. கல்கத்தாவில் சின்ன வீடு, கூட்டுக் குடும்பம். வங்கியில் வேலை பார்க்கும் சுப்ரதாவின் சம்பளம் போதவில்லை. மனைவி ஆரதி வீடு வீடாகப் போய்த் துணி பின்னும் மெஷின் விற்கும் வேலையில் சேர்கிறாள். போகச் சொன்னவன் கணவன்தான். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஆரதி நன்றாக விற்கிறாள். முதல் சம்பளத்தின் புது நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்க்கிறாள். ஆரதியாக நடித்த மாதவி முகர்ஜியின் முகத்தில் வரும் அந்த வெட்கம் கலந்த பெருமையை இந்திய சினிமாவில் நான் வேறெங்கும் கண்டதில்லை. கூட வேலை செய்யும் ஆங்கிலோ இந்தியப் பெண் எடித் ஒரு லிப்ஸ்டிக்கைக் கொடுத்து, பூசிக்கொள்ளப் பழக்குகிறாள். ஆரதி வேலை நேரத்தில் மட்டும் பூசிக்கொள்கிறாள். வீட்டுக்கு வருவதற்கு முன் துடைத்துவிடுகிறாள்.

சோதனை இங்கேதான் தொடங்குகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கணவனுக்குத்தான் தன் மனைவியை அடையாளம் தெரியாமல் போகிறது. வேலையை விட்டுவிடு என்கிறான். அவள் ராஜினாமா கடிதத்தோடு அலுவலகம் போகிறாள். அன்றைக்குப் பார்த்து அவனுடைய வங்கி மூழ்குகிறது. கடிதத்தைக் கொடுக்காதே என்று அவசரமாக டெலிபோன் செய்கிறான். அன்றிலிருந்து அவள் மட்டுமே சம்பாதிக்கிறாள், அவன் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டு கிடக்கிறான்.

பிறகு ஒரு டீக்கடைக் காட்சி. நீங்களும் உங்கள் மனைவியும் இதை நிறுத்தி இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆரதி தெரிந்த ஒருவரோடு டீ குடிக்க வருகிறாள். பக்கத்து மேஜையில் சுப்ரதா இருக்கிறான். அவளுக்குத் தெரியாது. அவன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறான். உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று அந்த மனிதர் கேட்கிறார். வேலை போய்விட்டது என்று அவள் சொல்வதில்லை. சொந்தமாகத் தொழில் செய்கிறார், ஓய்வே இல்லை என்று வாய் கூசாமல் சொல்கிறாள். கணவனின் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனைவி சொல்லும் பொய். அதை அந்தக் கணவனே பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் மேல் சந்தேகப்பட்டு ஒளிந்தவனுக்குக் கிடைத்தது அவளுடைய அன்பு. ஆனால் அதை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கையில்லை, எழுந்து போய் நான்தான் அவர் என்று சொல்ல வாயுமில்லை. ராய் இந்தக் காட்சியில் எதையும் அழுத்தவில்லை. டீக்கடைச் சத்தம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நாதேர் சொல்லாத வார்த்தையை ‘மகாநகர்’ கடைசியில் சொல்கிறது என்பதால்தான் உங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். எடித்தை முதலாளி அநியாயமாக வேலையை விட்டு அனுப்புகிறார். ஆரதி எதிர்த்துக் கேட்கிறாள், கேட்டுவிட்டுத் தன் வேலையையும் உதறிவிட்டு இறங்கி வருகிறாள். படிக்கட்டடியில் கணவன் நிற்கிறான். இப்போது வீட்டில் ஒரு சம்பளமும் கிடையாது. அவளுக்குப் பயம், தப்பு செய்துவிட்டேனா என்று அழுகிறாள். திட்டுவான் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். தினச் சோற்றுக்குச் சம்பாதித்தே நாம் கோழையாகிவிட்டோம், நான் செய்யத் துணியாததை நீ செய்தாய் என்ற பொருளில் அவன் பேசுகிறான். இத்தனை பெரிய ஊரில் நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது வேலை கிடைக்காதா என்று அவள் கேட்கிறாள். கிடைக்கும் என்று படம் எங்கும் உறுதி தருவதில்லை.

தம்பதியாக உட்கார்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனைவி அந்த வரியைச் சொன்னது படம் பார்த்ததால்தானே. இத்தனை வருஷத்தில் அதைச் சொல்ல அவருக்கு வேறெப்போது வாய்ப்புக் கிடைத்தது? நீங்கள் அதை வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘மகாநகர்’ துணையெழுத்தோடு நல்ல பிரதியாகவே கிடைக்கிறது, தேய்ந்துபோன பழைய பிரதியைப் பார்க்காதீர்கள். நாத்தனாராக வரும் சின்னப் பெண்ணை எங்கேயோ பார்த்தது மாதிரி இருக்கும், அது ஜெயா பாதுரி (பின்னாளில் ஜெயா பச்சன்), அவருக்கு முதல் படம். ‘45 இயர்ஸ்’ படத்தை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டு உங்கள் மனைவியையும் எழுதச் சொல்லுங்கள். டீக்கடையில் ஆரதி சொன்ன பொய்யைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

அன்புடன்.